உறையில் ஒற்றை எழுத்து

1983ஆம் ஆண்டு முடிகிற நேரம். ஓல்டன் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த உணவகத்தில் குகதாசன் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். சுவிஸுக்கு வந்து ஒன்பது மாதம். அவனுடைய அகதி விண்ணப்பம் தலைநகர் பெர்னில் எங்கோ ஒரு மேசையில் கிடந்தது. நாள் முழுக்க அவன் வாய் திறக்கத் தேவையே இருக்கவில்லை. தட்டுகள் வரும், கழுவுவான், தட்டுகள் போகும்.

வேலையாட்கள் உடுப்பு மாற்றுகிற அறைச் சுவரில் ஒருநாள் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டியிருந்தது. அதில் அவனுக்கு விளங்கியது ஒரே சொல்: பேஸ். ஒட்டியவள் ரெகுலா, அங்கே மேசைகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவள். ஒரு ரொக் குழுவில் பாடி, கிற்றாரும் வாசித்தாள்.

"பேஸ் ஆள் தேவையோ?" என்று தெரிந்த நாலு ஜெர்மன் சொல்லில் கேட்டான்.

"ஓம். உனக்குத் தெரிந்த ஆராவது இருக்கோ?"

"நான்."

சவர்க்காரத் தண்ணீரில் ஊறி வெளிறிப்போயிருந்த அவன் விரல்களை ரெகுலா பார்த்தாள். சிரிக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் அவன் ஓர் இசைக்குழுவில், அடிச்சுரத்தில் ஒலிக்கிற பேஸ் கிற்றார் வாசித்தவன். கோயில் திருவிழா, கலியாண வீடு என்று ஓடித்திரிந்த குழு. அவர்களிடம் கீபோர்ட் இல்லை, வயலின்காரரும் இல்லை. சினிமாப் பாட்டில் அந்த வாத்தியங்கள் வருகிற இடங்களையெல்லாம் குகதாசன்தான் பேஸின் மேல் தந்திகளில் தேடிப்பிடித்து வாசிப்பான். விரல் அப்படியே பழகிவிட்டது.

மூடிக்கிடந்த சப்பாத்துப் பட்டறை ஒன்றின் நிலவறையில்தான் பயிற்சி. முதல் நாள் ஒரு பாட்டு முடிவதற்குள் ட்ரம்ஸ் அடிக்கிற உர்ஸ் கையை உயர்த்தி நிறுத்தினான்.

"இது பேஸ் இல்லை. பேஸ் கீழே கிடக்கவேணும். நீ மேலே வந்து பாடுறாய்."

குகதாசனுக்கு முகம் சுண்டிப்போனது. தோள்பட்டியைக் கழற்றப் போனான்.

"அவன் பாடட்டும். நான் கீழே போறன்" என்றாள் ரெகுலா.

அன்றிலிருந்து அவள் கிற்றாரைக் குறைத்துக்கொண்டாள். இரண்டு மூன்று கீறல், அவ்வளவுதான். பேஸ் முன்னே நடந்தது, மற்றதெல்லாம் பின்னால் வந்தது. மாசியில், அதே நிலவறையில், ஐந்து நாளில் பத்துப் பாட்டு ஒலிப்பதிவு செய்தார்கள். குளிரில் விரல் விறைத்து, பிறகு கொப்பளித்து, பிறகு வெடித்தது. அந்த ஐந்து நாளும் ஒருவரும் அவனை எங்கிருந்து வந்தாய், ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. "இன்னொருக்கா" என்று மட்டும் கேட்டார்கள். சுவிஸில் அவன் தன்னை மறந்திருந்தது அந்த ஐந்து நாள்தான்.

"இசைத்தட்டு உறையிலை உன்ரை பெயரை எப்பிடி எழுதுறது?" என்று ரெகுலா கேட்டபோது அவன் பதறிவிட்டான்.

"எழுத வேண்டாம். படமும் வேண்டாம்."

அறைத்தோழன் பத்மநாதன் முதலே எச்சரித்திருந்தான். "உயிருக்குப் பயந்து வந்தவன் எண்டு எழுதிக் குடுத்திட்டு, பாட்டுக் கச்சேரி நடத்துறாய் எண்டு தெரிஞ்சால் என்னடாப்பா சொல்லுவாங்கள்? விசர் வேலை பாக்காதை." இலங்கையில் கலவரத்தில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்து ஆறேழு மாதந்தான் ஆகியிருந்தது. திருப்பி அனுப்பினால் என்ன நடக்குமென்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ரெகுலா எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் அவனுடைய பெயரின் முதல் ஆங்கில எழுத்தை மட்டும் போட்டாள். பேஸ்: கே. படத்தில் அவளும் உர்ஸும் மட்டும் நின்றார்கள்.

வைகாசியில் இசைத்தட்டு வந்தது. புரட்டாதியில் ஜெர்மனியில் பன்னிரண்டு ஊர்களில் வாசிக்க அழைப்பு. குகதாசன் நாட்டை விட்டு வெளியே போக அனுமதி கேட்டான். விண்ணப்பம் முடியும்வரை எல்லை கடக்க முடியாது என்று அலுவலகத்துப் பெண் பணிவாகத்தான் சொன்னாள். ஒரு மாதத்துக்குத்தானே என்று ஹொல்கர் என்ற ஜெர்மன்காரனை அவன் இடத்துக்குப் பிடித்தார்கள்.

பாசல் வரைக்கும் குகதாசன் அவர்களோடு குழுவின் வான் வண்டியில் போனான். எல்லைக்குச் சற்று முன்னே இறங்கி, தன் பேஸை வானிலேயே விட்டுவிட்டு, கதவைச் சாத்தினான். உர்ஸ் அவனைக் கட்டிப்பிடித்தான். "ஒக்டோபரிலை சந்திப்பம்" என்றாள் ரெகுலா.

ஒக்டோபரில் அவர்கள் வரவில்லை. ஜெர்மனியில் இன்னும் அழைப்புகள் வந்தன. பிறகு ஹொலண்ட், பிறகு பெல்ஜியம். மாரிக் குளிருக்குப் பெர்லினில் வீடெடுத்தார்கள். ரெகுலாவிடமிருந்து கடிதங்கள் வந்தன. நீளமாக, பிறகு கட்டையாக, பிறகு தபாலட்டைகளாக. அவர்கள் பொல்லாதவர்கள் அல்ல. வான் ஓடிக்கொண்டிருந்தது, அவன் அதில் இல்லை. அவ்வளவுதான்.

இசைத்தட்டு மெதுவாகத்தான் பரவியது. இரண்டு மூன்று வருடத்தில், பேஸை முன்னால் விட்டுக் கிற்றாரைப் பின்னால் ஒதுக்குகிற குழுக்கள் அங்கங்கே முளைத்தன. எல்லோரும் அந்த முதல் இசைத்தட்டைத்தான் சொன்னார்கள். ஸ்டேஷன் புத்தகக் கடையில் நின்றபடியே குகதாசன் சஞ்சிகைகளை எழுத்துக்கூட்டி வாசிப்பான். யார் இந்த கே என்று ஒருவர் கேட்டிருந்தார். குர்ட் என்றொருவர், இப்போது மலைமடத்தில் துறவி என்று ஒரு பதில். இல்லை, கிளவுஸ், போதையில் செத்துப்போனார் என்று இன்னொன்று. அவன் சஞ்சிகையை மடிப்புக் கலையாமல் வைத்துவிட்டு வேலைக்குப் போனான்.

1987இல் அவனுக்கு வதிவிட விசா கிடைத்தது. இனி எந்த எல்லையும் கடக்கலாம். கடந்து போக ஓர் இடமும் இருக்கவில்லை. முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தான். பத்மநாதனுக்கு ஊரிலிருந்து மனைவி வந்துசேர, அவன் ஊஸ்டர் நகருக்கு மாறிப்போனான். குகதாசன் இப்போது ஓர் ஆளுக்குச் சோறு வைத்தான்.

அடுத்த ஆண்டு ஆனியில் சூரிச் ஏரிக்கரையில் ஒரு பகல் நேரக் கச்சேரிக்கு ரெகுலா அவனை அழைத்தாள். மேடைக்குப் பின்னால் அவனைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள். ஹொல்கர் சங்கோசத்தோடு தள்ளி நின்றான்.

"உங்களிட்டை ஒண்டு கேக்கலாமோ?" என்றான் பிறகு. "மூண்டாவது பாட்டின்ரை தொடக்கம். நாலு வருஷமாப் பிழையாத்தான் வாசிக்கிறன். எனக்கே கேக்குது. ஆனா எங்கை பிழை எண்டு பிடிபடேல்லை."

குகதாசன் பேஸை வாங்கினான். விரல் நுனிகள் மெத்தென்று ஆகிவிட்டிருந்தன, தந்தி விரலை அறுத்தது. ஆனாலும் கை இடத்தை மறக்கவில்லை. "நீர் சரியாத் தாளத்திலை இறங்குறீர். அதுக்கு ஒரு சொட்டு முன்னாலை இறங்கவேணும். பிந்திவந்த ஆள் அவசரமாக் கதவைத் திறக்கிற மாதிரி" என்று வாசித்துக் காட்டினான். ஹொல்கர் திருப்பி வாசித்தான். நாலாம் முறை சரியாக விழுந்தது.

"கடைசிப் பாட்டுக்கு நீயும் மேடைக்கு வா" என்றாள் ரெகுலா. "ஆர் கே எண்டு நான் எல்லாருக்கும் சொல்லுறன்."

"வேண்டாம். கீழை நிண்டு கேக்கிறன்."

சனத்துக்குள் நின்றான். மூன்றாவது பாட்டு தொடங்கியது. ஹொல்கர் அப்பழுக்கில்லாமல் இறங்கினான். இரண்டாயிரம் பேர் ஒரே குரலில் ஆர்ப்பரித்தார்கள். பக்கத்தில் நின்ற பெண் கண்ணை மூடிக்கொண்டு ஆடினாள். அந்தப் பாட்டில் தன் இடம் இத்தனை வருடமும் காலியாகவே இருந்தது என்பதும், அதை அந்தச் சின்னப் பிழைதான் காட்டிக்கொண்டிருந்தது என்பதும் அப்போதுதான் குகதாசனுக்கு உறைத்தது. அதையும் இன்று தன் கையாலேயே திருத்திவிட்டான். சந்தோஷமா துக்கமா என்று தெரியவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினான்.

கடைசிப் பாட்டுக்கு முன்னே கிளம்பி ஸ்டேஷனுக்கு நடந்தான். வெயில் இன்னும் இறங்கவில்லை. அறைக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது டெலிபோன் அடித்தது. பத்மநாதன்.

"காலமை தொட்டு எடுக்கிறன். எங்கையடாப்பா போனனீ?"

"சூரிச்சுக்கு. ஒரு கச்சேரி."

"கச்சேரியோ? ஆரின்ரை?"

குகதாசன் சிவந்திருந்த விரல் நுனிகளைப் பார்த்தான்.

"தெரிஞ்ச ஆக்கள்" என்றான்.

"சரி, சரி. வாற கிழமை இஞ்சாலை வா. மனுசி நண்டுக் கறி வைக்கிறாளாம்" என்றான் பத்மநாதன்.

"வாறன்" என்று சொல்லிவிட்டு, அரிசி கழுவப் போனான்.