பெரியக்கா சும்மா இருந்த கதை

எள் என்றால் எண்ணெயாக நிற்பவள் பெரியக்கா. ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ்; டாக்டர்கள்கூட அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கணவர் அவளுடைய வார்டிலேயே இறந்தபோது, நாடி பார்த்தது, மகனுக்குப் போன் செய்தது, கட்டிலைத் துடைத்து வைத்தது எல்லாம் அவளேதான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பார்த்தவர்கள் மெச்சினார்கள். மகன் மட்டும் பயந்தான்.

ஒரு வருடம் ஓடியும் அவள் அழவில்லை. தூக்கமும் போய்விட்டது. படுத்தால் நெஞ்சில் கல்லை ஏற்றி வைத்த மாதிரி இருந்தது.

"இப்படியே போனா நீயும் படுத்துடுவேம்மா. பேசாம உட்கார்ந்து தியானம் பண்ற மௌன முகாம் ஒண்ணு நடக்குது, ஒரு தடவை போயிட்டு வா."

"நான் போய் இடிச்ச புளி மாதிரி உட்காரணுமாக்கும்?"

"ஆமா. உனக்கு வராதது அது ஒண்ணுதான்."

ரோஷத்தில் போனாள். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா? பேசத்தானே கூடாது! வந்த அன்றே சமையலறைக்குள் புகுந்து, கையசைவிலேயே தட்டு கழுவும் முறையை மாற்றிவிட்டாள். மறுநாள் வாசல் செருப்புகளை அளவுவாரியாக அடுக்கினாள். தியானக் கூடத்தில் கண்ணை மூடச் சொன்னால் ஒரு கண்ணைத் திறந்து மற்றவர்களைக் கண்காணித்தாள்.

அப்படித்தான் அந்தத் தாடிக்காரர் கண்ணில் பட்டார். முகம் வெளிறியிருந்தது, அசைவில்லை, மூச்சு விடுவதே தெரியவில்லை. அவ்வளவுதான். பாய்ந்து போய் ஆளைத் தரையில் சாய்த்து, கால்களைத் தூக்கித் தலையணைமேல் வைத்து, மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். சிவபூஜையில் கரடி புகுந்த மாதிரி மொத்தக் கூடமும் கலைந்தது.

தாடிக்காரர் கண் திறந்தார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றார் மெதுவாக. "இன்னிக்குத்தான் முதல் தடவையா மனசு அடங்குச்சு."

பெரியக்காவுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. கையை எடுக்கப் போனாள். அவர் கோபப்படாமல் மணிக்கட்டைத் திருப்பி, அவள் விரல்களை ஒரு கணம் பற்றிக்கொண்டார்.

அவள் உறைந்து போனாள். கணவரும் கடைசியில் இப்படித்தான் மணிக்கட்டைத் திருப்பி அவள் விரல்களைத் தேடினார். "அசையாதீங்க, நாடி தப்புது," என்று அவரை அதட்டியிருந்தாள்.

அதன்பிறகு அவள் சமையலறைப் பக்கம் போகவில்லை. வேலை கொட்டிக் கிடந்தது. ஊருக்குத் திரும்பப் பஸ்ஸும் இருந்தது. ஆனாலும் உட்கார்ந்தாள். எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய கைதான், ஆனால் அதை மடியில் வைத்துக்கொண்டு அவள் சும்மா உட்கார்ந்ததைத்தான் நான் பெரிய வீரம் என்பேன். வேலைக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒரு பெண்டாட்டியை அவள் அங்கே கண்டுபிடித்தாள். கண்ணை மூடினால் கணவர் வந்தார். அவள் நாடி பார்க்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

மௌனம் முடிந்த காலை, எல்லோரும் கலகலவென்று பேச, அவள் மரத்தடிக்குப் போய் மகனுக்குப் போன் போட்டாள்.

"என்னம்மா, முடிஞ்சுதா?"

"உங்கப்பா போயிட்டாருடா," என்றாள்.

போன வருடமும் இதே செய்தியை அவள்தான் சொன்னாள், அடுத்த வார்டுக்கு நடந்துகொண்டே. இப்போது குரல் உடைந்து, மரத்தைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

"ஆமாம்மா," என்றான் மகன், அவனும் அழுதபடி. "போயிட்டாரும்மா."