மூன்று பூங்காவனங்களுக்கு ஒரு பாவு

1

இது கதையாகப் பிறந்ததல்ல. 2003ஆம் வருடத்து ஆடித் திருவிழா மலருக்கு ஒரு பக்கக் கட்டுரை கேட்டார்கள். எங்கள் பூங்காவனத்தம்மனிடம் வேண்டிக்கொண்டு பிறக்கும் பெண் குழந்தைகளுக்கு அவள் பெயரையே வைப்பது எங்கள் தெருக்களில் வழக்கம். பள்ளிக்கூடத்தில் "பூங்காவனம்" என்று கூப்பிட்டால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். அவர்களில் மூன்று பேர் ஊரறிந்தவர்கள் ஆகியிருந்தார்கள். ஒருவர் ஆஸ்பத்திரி நர்ஸ். ஒருவர் வக்கீல். இன்னொருவர் கபடி ஆடி மெடல் வாங்கி, இப்போது பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. மூவருக்கும் கோயிலில் பட்டுப்புடவை கொடுத்து மரியாதை செய்வதாக ஏற்பாடு. நான் எழுத வேண்டியது அதைப் பற்றித்தான்.

இப்படி ஆரம்பித்தேன்:

'அன்னையின் திருநாமம் தாங்கிய மூன்று மங்கையர் நம் ஆரணி மண்ணில்

(இதற்கு மேல் போகவில்லை. நர்ஸ் பூங்காவனம் படித்தால் சிரித்துவிடுவார்.)

மறுபடியும்:

'ஒரு பட்டுப் பாவில் மூன்று புடவை இறங்கும். பெயர் ஒன்று, பெண்கள் மூவர். இதைவிடப் பொருத்தமான

இதையும் விட்டுவிட்டேன். நான் இதை எழுதிய காலையில் அந்தப் பாவு நடுத்தெருவில் இரண்டாக அறுந்து கிடந்தது.

அறுத்தவள் பெயர் தனக்கோடி. கட்டுரையில் அவளுக்கு இடமே இல்லை. அதனால்தான் இது கதையாகிவிட்டது.

2

வெளியூர் வாசகருக்காக ஒரு வார்த்தை. பாவு என்பது புடவையின் நீளவாட்டு இழைகள். தறியில் ஏற்றுவதற்கு முன் விடியற்காலையில் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இழை இழையாகப் பார்த்து, பிரிந்ததை முடிவார்கள். இடுப்பு உயரத்தில் அது நிற்கும்போது சைக்கிள்காரர் இறங்கிக் குனிந்து போவார். பாடை வந்தாலும் பாவு சுருட்டும்வரை நிற்கும்.*

தனக்கோடியும் அவள் புருஷன் அய்யாக்கண்ணுவும் தனசேகரன் முதலாளிக்குப் பட்டு நெய்பவர்கள். திருவிழாக் கமிட்டித் தலைவரும் அவர்தான். கோயில் மரியாதைக்கு நெய்வது எந்தக் கைக்கும் கிடைத்துவிடாது. அந்த வருடம் அவளுக்குக் கிடைத்தது. அரக்குச் சிவப்புப் பாவு. கொடுக்கும்போதே அவர் சொல்லியிருந்தார்:

"இந்தாம்மா தனக்கோடி. இது நல்லா வந்துச்சின்னா வருசா வருசம் கோயில் பாவு உனக்குத்தான். கெட்டுச்சின்னா எங்கிட்ட பாவே கேக்காத."

"கெடுமா மொதலாளி? அம்மா புடவைங்க இது."

அவள் குளித்து, நெற்றியில் விபூதி இட்டு, அம்மனை நினைத்து இழையைத் தொட்டாள். அந்த நிமிஷம் அவளைவிடச் சந்தோஷமானவர் ஊரில் இல்லை என்று எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிடத் தோன்றவில்லை. உண்மைதான் அது.

* இது விதியா என்று கேட்டால், இல்லை. தாண்டலாம், அறுக்கலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை. அவ்வளவுதான்.

3

தெருமுனையில் குறுக்குச் சாலை ஒன்று வெட்டிப்போகும். பாவு அதன் மேலாகவும் நீண்டிருந்தது. அந்த நேரத்துக்கு வண்டிக்காரர்கள் சுற்றிப் போவார்கள். அன்றைக்குச் சுற்று வழியில் பாலத்துக்காகப் பள்ளம் தோண்டியிருந்தார்கள்.

சேவூர்ப் பக்கமிருந்து ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தபடியே வந்து பாவின் முன்னால் நின்றது. உள்ளே தீபா என்ற பெண், நிறைமாதம். அவளை மடியில் தாங்கியபடி நர்ஸ் பூங்காவனம். சேவூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த இடத்தில் பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்து கூப்பிட்டிருந்தார்கள். நர்ஸின் புடவை முழங்கால் வரை ரத்தமாக இருந்தது.

"தூக்குங்கய்யா! பாவத் தூக்கிப் புடிங்க, ஆட்டோ பூந்துகினு போவட்டும்!"

தூக்கினார்கள். ஆட்டோவின் கூரைக்கு எட்டவில்லை. இன்னும் தூக்கியபோது கட்டியிருந்த முளைக்கொம்பு சாய்ந்தது.

"அவுத்துச் சுருட்டுங்க, ஜல்தி!"

"சுருட்ட ஒரு மணி நேரம் ஆவும்க்கா."

நர்ஸ் பூங்காவனம் அப்போது சொன்னதை நான் பலமுறை எழுதி அடித்தேன். அவரைக் குறைத்துக் காட்டுவதாகத் தோன்றியது. ஆனால் அவர் சொன்னது இதுதான்: "இவள எறக்குங்க. பாவுக்கு அடியில தூக்கிகினு போயிடலாம்."

எத்தனையோ பிரசவம் பார்த்தவர். ஆனால் பிறந்தது தறிக்காரர் வீட்டில். அறு என்று ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை. இரண்டு பேர் தீபாவை அசைத்தார்கள். அவள் போட்ட சத்தத்தில் தெருவில் ஒருவரும் அசையவில்லை. ரத்தம் ஆட்டோவின் படியிலிருந்து சொட்டியது.

தனக்கோடி யோசித்

இல்லை. அவள் யோசித்ததாக எழுதினால் பொய். பாவு கட்டும்போது இடுப்பில் செருகியிருந்த கத்தரியை அவள் கை எடுத்தது.

"இந்தாண்ட நீங்க புடிங்க. அந்தாண்ட அவுரு புடிக்கட்டும். உடாதீங்க, இறுக்கிப் புடிங்க."

அய்யாக்கண்ணு மனைவியைப் பார்த்தான். "இன்னாடி பண்ணப் போற?"

"புடின்றேன் இல்ல!"

பட்டு இழை அறுபடும்போது சத்தம் வராது. ஆயிரக்கணக்கான இழைகள் சேர்ந்து அறுபட்டால் வரும் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஆட்டோ அந்த இடைவெளியில் புகுந்து போய்விட்டது. அதன் சத்தம் மறைந்த பிறகும் இரண்டு பக்கமும் ஆட்கள் இழைகளைப் பிடித்தபடியே நின்றார்கள். ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தனக்கோடி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது யாருடைய கையோ போல இருந்தது அவளுக்கு.

4

தனசேகரன் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தார். கெட்ட மனிதர் அல்ல. அவரைக் கெட்டவராக எழுதினால் கதை சுலபமாகிவிடும், செய்யமாட்டேன்.

"எப்படிம்மா உனக்குக் கை வந்திச்சி?"

"தெரியல மொதலாளி."

"அம்மா பாவும்மா இது."

"தெரியும் மொதலாளி."

அவர் அறுந்த முனையைத் தொட்டார். கண் கலங்கியிருந்தது. "பாவ அறுத்த கைக்கு இன்னொரு பாவு குடுக்க எனக்கு மனசு வராது. என்னை மன்னிச்சிடு. புடவை வேற எடத்துல பாத்துக்கறேன்."

அறுந்த பாவை அங்கேயே விட்டுப் போய்விட்டார். தனக்கோடிக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது. வேறு முதலாளியும் இனிக் கொடுக்கமாட்டார். வெறும் தறியை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

(இந்த இடத்தில் வேறு ஒரு முடிவு வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் குழந்தை இறந்துவிடுகிறது, அவள் அறுத்தது வீண். கெட்டிக்கார முடிவு என்று ஒரு நண்பர் சொன்னார். குழந்தையும் தாயும் பிழைத்தார்கள். அம்மன் மேல் எனக்குள்ள நம்பிக்கைக்காக இதை மாற்றி எழுதவில்லை. நடந்தது அது.)

5

நர்ஸ் பூங்காவனம் மறுநாள் விடியலில் வந்தார். கூடவே வக்கீல் பூங்காவனமும் கபடி பூங்காவனமும். புடவையை வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள் மூவரும் தெருவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

"இன்னாங்க நீங்கள்லாம்…" என்றாள் தனக்கோடி.

"பாவு பிணைக்க வந்தோம்," என்றார் நர்ஸ். "மூணு பேரும் தறிக்காரூட்டுப் பொண்ணுங்கதான். மறந்துடுமா?"

"எனக்கு மறந்துடுச்சி," என்றார் வக்கீல். "கோர்ட்டுல முடிச்ச அவுக்கத்தான் சம்பளம். போடச் சொல்லிக்குடு."

"பேசிகினே இருந்தா இழை பிணையுமா? ஏய் வக்கீலு, உன் பக்கம் பாரு, அவுட்டு," என்றார் கபடி.

அறுந்த இழை ஒவ்வொன்றையும் அதன் ஜோடியோடு சேர்த்துச் சாம்பல் தொட்ட விரலால் முறுக்கி முடிந்தார்கள். தெருவும் வந்து உட்கார்ந்தது. நாள்கணக்கில் நடந்தது. தனசேகரன் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போவார். உதவவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

பாவு தறியேறியது. மூன்று புடவை இறங்கியது. நடுப்புடவையில் மட்டும் உடம்பின் குறுக்கே முடிச்சுகளின் மெல்லிய கோடு, ஆறிய தழும்பு மாதிரி. விரல் வைத்தால் தெரியும்.

6

திருவிழா அன்று மேடைக்குப் பின்னால் தனசேகரன் மூன்று உறைகளைத் திறந்து பார்த்தார். வேறு புடவை அவருக்கு அகப்படவில்லையா, தேடவே இல்லையா, தெரியாது. உறைகளின் மேல் ஒரே பெயர்தான். கோடு விழுந்த புடவையை எடுத்து ஓரமாக வைத்தார்.

"குறைப் புடவைய அம்மா முன்னாடி எப்படிக் குடுக்கறது? ரெண்டு பேருக்கு இத. ஒருத்தருக்கு அப்புறமா…"

"எனக்கு அதான் வேணும்," என்றார் நர்ஸ். "அந்த ஆட்டோல இருந்தது நானு. அறுங்கன்னு சொல்ல எனக்குத்தான் வாய் வரல."

"மேல இன்னா பேரு எழுதிக்குது? பூங்காவனம். என் பேரு. சாட்சியே தேவையில்ல," என்றார் வக்கீல்.

கபடி பூங்காவனம் பாய்ந்து, ஓரத்தில் இருந்த புடவையைத் தொட்டுவிட்டுப் பின்னால் வந்தார். "தொட்டாச்சி. முடிஞ்சிது."

தனசேகரன் அதிர்ந்துபோனார். குறைபட்ட ஒன்றுக்காக மூன்று பெண்கள் சண்டை போடுவதை அவர் பார்த்ததில்லை. பிறகு மூன்றையும் அதே உறைகளில் போட்டு, கலைத்து, அம்மன் பாதத்தில் வைத்தார். ஒலிபெருக்கியில் மூன்று முறை ஒரே பெயர் ஒலித்தது. யார் எதை வாங்கினார் என்று எனக்குத் தெரியாது.

திரும்பும் வழியில் அவர் தனக்கோடியின் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"நாளைக்கு ஆளனுப்பும்மா. பாவு ஒண்ணு இருக்குது."

அவர் போய் வெகுநேரம் கழித்துத்தான் "சரிங்க" என்றாள்.

7

ஆறு வருடம் கழித்து, இந்தக் கதைக்கு முடிவு வேண்டுமே என்று மூன்று பூங்காவனங்களையும் தனித்தனியே கேட்டேன். நர்ஸ் சொன்னார், கோட்டுப் புடவை தன்னிடம் இருப்பதாக. வக்கீலும் அதையே சொன்னார், சத்தியம் செய்யவும் தயார். கபடியும் அதையேதான்.

மூவரும் தெய்வ நம்பிக்கை உள்ளவர்கள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள். அதிர்ச்சியோடு தனக்கோடியிடம் போய்ச் சொன்னேன். அவள் தறியில் உட்கார்ந்திருந்தாள். ஓடிக்கொண்டிருந்த தறி நாடா நின்றது.

"மூணு பேருமா?" என்றாள். "நான் ஒரு தரம்தாங்க அறுத்தேன்."

பீரோவைத் திறந்து காட்டச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை. நீங்கள் எப்போதாவது ஆரணிக்கு வந்தால், மூவரும் வீடு திறந்தே வைத்திருப்பவர்கள். பூங்காவனம் என்று கூப்பிட்டால் வருவார்கள். புடவையை விரித்துக் காட்டச் சொல்லலாம், விரல் வைத்துப் பார்க்கலாம். அல்லது காபி குடித்துவிட்டுக் கேட்காமலே திரும்பலாம். இரண்டில் எதைச் செய்கிறீர்களோ, கதை அங்கே