இடது காதில் இரட்டை வெட்டு

மேசைக்குப் பின்னால், டீச்சர் உட்காரும் நாற்காலியில் ரேஞ்சர். அவருக்கு வலப்பக்கம், கை வைத்த நாற்காலியில் கடலைக்காய் மண்டி கிருஷ்ணப்பன். இடப்பக்கம் ஸ்டூலில், மடியில் பைலோடு பாரஸ்டர் சவுரியப்பன். ஜன்னலோரம் மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் டீச்சர் ஜானகியம்மாள். பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடச் சாவியோடு வந்தவர், யாரும் போகச் சொல்லாததால் அங்கேயே தங்கிவிட்டார். வாசற்படியில் மண்டி ஆட்கள் நான்கு பேர்.

ராஜப்பனுக்கு நாற்காலி இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் சாண் உயரப் பலகையைக் காட்டி, "அங்க உக்காரு" என்று சொன்னது ரேஞ்சர் அல்ல, கிருஷ்ணப்பன். நாற்பத்தோரு வயது ஆள், முழங்கால் இரண்டும் தாடையில் இடிக்க உட்கார்ந்தான். அன்று 1987, மாசி எட்டு, வெள்ளிக்கிழமை. சாகிற வரைக்கும் மறக்க மாட்டான்.

கரட்டு ஏரிக்குள் ஆறு வருடத்துக்கு முன் வனத்துறை கருவேலங்கன்று நட்டபோது, அதற்குத் தினக்கூலி வாட்சராகச் சேர்ந்தவன் ராஜப்பன். மரம் வளர்ந்ததும் பறவைகள் வந்தன. கொக்கு, வக்கா, நீர்க்காகம் என்று வருடா வருடம் கூடு பெருகியது. மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றதால் எதுவும் அண்டவில்லை. போன ஐப்பசியில் மழை பொய்த்துவிட்டது. தை பிறக்கும்போதே தண்ணீர் மதகோரம் ஒதுங்கி, மரமெல்லாம் தரையில் நின்றன. அவன் நாற்பது பக்க நோட்டில் தை முதல் தேதியில் எழுதியது நூற்று நாற்பத்து மூன்று கூடு. இப்போது குஞ்சு இருந்தது இருபத்தாறில்.

மற்றது எங்கே போயிற்று என்பதுதான் விசாரணை.

"பூனைங்க சார்" என்றான் ராஜப்பன். "ஏரிக்குள்ள காட்டுப் பூனையாட்டம் திரியுதுங்க. மரமேறித் திங்குதுங்க. தின்னு போட்டதை நான்தான் பொறுக்கியாந்து எண்ணி எழுதிட்டுப் பொதைச்சேன்."

"எங்க பொதைச்ச?" என்று கேட்டார் ரேஞ்சர்.

"எங்கூட்டுப் பின்னாடிங்க."

கிருஷ்ணப்பன் சிரித்தார். காதில் கிடந்த சிவப்புக்கல் கடுக்கனும் கூடவே ஆடியது. "கேட்டுக்கங்க சார். பூனை தின்னா றெக்கை ஏரியில கெடக்கும். இவன் வூட்டுக் குழியில எப்படிங்க கெடக்குது? எங்க ஆளுங்க தோண்டிப் பாத்தாங்க, கூடை கூடையா வருது. ஏப்பா ராஜப்பா, வக்காக் கறிக்கு உப்புத் தூக்கலாப் போடணுமா, சப்புனு இருந்தாலே எறங்குமா?"

வாசற்படியில் நாலு பேரும் சிரித்தார்கள். பாரஸ்டர் பைலுக்குள் எதையோ தேடினார். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த சாவியையே பார்த்தார். ரேஞ்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பங்குனியில் ராஜப்பனை நிரந்தரமாக்கப் போயிருந்த பட்டியலில் அவன் பெயர்மேல் கோடு விழுந்தது. "நாளையிலேர்ந்து வர வேண்டாம்" என்று சொல்லி ஜீப் ஏறினார்.

கிருஷ்ணப்பனுக்கு அவன்மேல் என்ன காய்ச்சல் என்று ஊருக்கே தெரியும். போன வருடம் அவருடைய ஏழு ஆடுகள் ஏரிக்கரையில் புதிதாக நட்ட கன்றுகளுக்குள் புகுந்து மேய்ந்தன. ராஜப்பன் முகதாட்சண்யம் பார்க்காமல் ஓட்டிப்போய்க் கால்நடைப் பவுண்டில் அடைத்தான். மண்டிக்காரர் நேரில் வந்து, கையெழுத்துப் போட்டு ஓட்டிப்போக வேண்டியதாயிற்று. அதற்குத்தான் இந்தப் பலகை.

மறுநாளும் விடியும்போது ராஜப்பன் ஏரிக்குத்தான் போனான். வேலை இல்லை என்று காலுக்குத் தெரியவில்லை. மரத்தடியில் நீர்க்காகக் குஞ்சு இரண்டு, தலையில்லாமல் கிடந்தன. ஒரு பூனையை உயிரோடு கொண்டுபோய் ரேஞ்சர் மேசைமேல் வைத்தால் என்ன என்று தோன்றியது. பஸ் பிடித்துப் பாப்பாரப்பட்டி போனான்.

அங்கே தகரக்கடை சர்தார் எலிப்பொறி அடிப்பதில் பேர் போனவர். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"எலிக்கு அடிச்சிருக்கேன், கீரிக்குக்கூட அடிச்சிருக்கேன். பூனைக்கு அடிச்சதில்லைங்க. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா சோறு போடாது."

"குஞ்செல்லாம் போவுதே பாய். எம் பேரும் போச்சு."

சர்தார் ஒரு தகரத்தை எடுத்து மடக்கி அளவு பார்த்தார். "ரெண்டு விசயம். வதைக்கக் கூடாது. முடிக்கறதுன்னா ஒரே அடியில முடிச்சிரணும். இன்னொண்ணு, மாட்டுனதைத் தப்ப விட்றாதீங்க. ஒரு தடவை பொறியில மாட்டி வெளியில போன பூனை, மறுபடி அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்காது."

மூன்றாம் நாள் பொறி வந்தது. கருவாட்டுத் தலையை மாட்டி வைத்தான். விடிந்ததும் உள்ளே ஒரு கடுவன் பூனை சீறிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தான்.

அதன் இடது காதின் கீழ்விளிம்பில், விரற்கடை இடைவெளி விட்டு இரண்டு வெட்டு இருந்தது. சண்டையில் கிழிந்த காது அல்ல, கத்தியால் வெட்டி ஆறிய காது.

வீட்டுக்கு ஓடினான். நோட்டைப் புரட்டினான். ஆடு அடைத்த பக்கத்தில், கோணல் எழுத்தில் இருந்தது: 'இடது காதில் இரட்டை வெட்டு உள்ள ஏழு உருப்படியும் என்னுடையவை. இந்தக் குறி வேறு யாருக்கும் கிடையாது. பெற்றுக்கொண்டேன்.' கீழே கிருஷ்ணப்பன் கையெழுத்து, தேதியோடு.

கிருஷ்ணப்பன் மண்டி எலிக்குப் பூனை வளர்க்கிறார் என்று அவனுக்குத் தெரியும். நல்ல எலிபிடிப்பூனையைப் பக்கத்து மண்டிக்காரர்கள் தூக்கிப்போய்விடுகிறார்கள் என்று குட்டியிலேயே காது வெட்டுகிறார் என்பதும், குட்டிகள் பெருகிவிட்டால், கொன்றால் பாவம் என்று சாக்கில் கட்டி ஏரிக்குள் அவிழ்த்துவிடச் சொல்கிறார் என்பதும் அப்போதுதான் அவனுக்கு ஒன்றோடொன்று சேர்ந்தது. தின்றது அவர் வீட்டுப் பூனை. பலகையில் உட்கார்ந்தது இவன்.

அன்றோடு பூனையை ரேஞ்சரிடம் காட்டும் யோசனை போய்விட்டது. ஒன்று போதாது. அத்தனையும் வேண்டும்.

பதினெட்டு நாள் பொறி வைத்தான். சாக்குக்குள் வாங்கி ஒரே அடி. வதைக்கக் கூடாது என்று சர்தார் சொன்னதில் தவறவில்லை. பிறகு இடது காதை மட்டும் அறுத்துக் கல்லுப்புப் போட்ட டப்பாவில் வைத்தான். ஒவ்வொரு காதை அறுக்கும்போதும் அந்தச் சிவப்புக்கல் கடுக்கன் கண்முன் ஆடியது. உள்ளுக்குள் ஏதோ குளிர்ந்தது. பத்துக் காது சேர்ந்தது. நடுவில் இரண்டு பூனை காது முழுசாக மாட்டின. டப்பாவுக்கு உதவாத காது. திறந்துவிட்டான்.

ஏரியில் பொறி வைக்கிற சங்கதி மண்டிக்கு எட்டாமல் இருக்குமா? பங்குனி பிறந்த மறுநாள் கிருஷ்ணப்பனே வந்தார். ஆள் கூட்டம் இல்லை. வேலியோரமே நின்றுகொண்டார்.

"என்னமோ காது சேக்கறயாமே. கம்மல் போடப் போறயா?"

"கம்மல் ஏற்கனவே ஒருத்தர் போட்டிருக்காருங்க" என்றான் ராஜப்பன்.

கிருஷ்ணப்பன் தம்மையறியாமல் கடுக்கனைத் தொட்டுக்கொண்டார். குரல் இறங்கியது. "இத பாரு, பூனைக் காதுக்கு எவனும் கேஸ் போட மாட்டான். இருந்தாலும் உனக்குச் சொல்றேன். ரேஞ்சர் நம்ம பேச்சைத் தட்ட மாட்டாரு. ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம்னு காதோட காதா ஒரு வார்த்தை போட்டு வைக்கறேன். உம் பேரு மறுபடி பட்டியல்ல ஏறிரும். அந்த நோட்டையும் டப்பாவையும் குடுத்துரு."

வேலைக்காகத்தான் இத்தனை பாடும் என்று அதுவரை ராஜப்பன் நினைத்துக்கொண்டிருந்தான். இப்போது வேலை வீடு தேடி வந்து நிற்கிறது, அவனுக்கு அது பிடிக்கவில்லை.

"திருடன்னு சொன்னது காதோட காதாவா சொன்னீங்க? பள்ளிக்கூடத்துல வச்சு, அஞ்சாறு பேரு சிரிக்கச் சொன்னீங்க. அங்கயே வாங்க. அன்னைக்கு யார் யாரு எங்கெங்க உக்காந்திருந்தாங்களோ அங்கங்க உக்காரட்டும். நாம ரெண்டு பேரு மட்டும் எடம் மாத்திக்குவோம்."

"பலகையிலயா?"

"ஒசரம் பாத்துதான் போட்டிருக்காங்க. கஷ்டமா இருக்காதுங்க."

கிருஷ்ணப்பன் காறித் துப்பிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து மனு எழுதினான் ராஜப்பன். ரேஞ்சருக்கு அல்ல, தருமபுரியில் இருக்கும் மாவட்ட வன அலுவலருக்கு. வருகை தந்தோர், அவர்கள் உட்கார்ந்த இடம், பேசிய பேச்சு, கூடு குறைந்து குறைந்து பத்தொன்பது ஆன கணக்கு, பூனை பிடித்த தேதிகள் எல்லாம் வரிசையாக விழுந்தன. ஆடு அடைத்த பக்கத்தைக் கிழித்து இணைத்தான். 'மறு விசாரணை அதே அறையில், அதே நபர்களை வைத்து நடத்த வேண்டும். மனுதாரரை நாற்காலியிலும் மண்டிக்காரரை ஒன்றாம் வகுப்புப் பலகையிலும் உட்கார வைக்க வேண்டும்' என்று முடித்துவிட்டு, இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தான். இனித்தது.

புல்லுக்குப் போயிருந்த அவன் மனைவி செல்லி அப்போதுதான் வந்தாள். கூடையைக் கவிழ்த்தாள். புல்லோடு வக்காக் குஞ்சு இரண்டு விழுந்தன. கழுத்து கடிபட்டு, இன்னும் விறைக்காத குஞ்சுகள்.

"பத்தொம்பதுன்னு எழுதியிருக்கயா?" என்றாள். "பதினேழுன்னு மாத்திக்க."

"பத்தையும்தான் புடிச்சாச்சே."

"காது முழுசா இருந்த ரெண்டைத் தொறந்து உட்டயில்ல. அதுங்க என்ன, காது முழுசா இருக்குதுன்னு பட்டினி கெடக்குமா?"

ராஜப்பன் மனுவை மடித்து நோட்டுக்குள் செருகினான்.

"குஞ்சுக்காகப் புடிக்கறேன்னு சர்தார் பாய்கிட்டச் சொன்ன. மண்டிக்காரன் காதுக்காகத்தான் புடிச்சிருக்கற" என்று சொல்லிவிட்டு, செல்லி கூடையைத் தட்டி மூலையில் வைத்தாள்.

ஆறு நாள் பொறியோடு கிடந்தான். கருவாடு, கோழிக்குடல், நெத்திலி என்று மாற்றி மாற்றி வைத்தான். இரண்டும் பொறியைச் சுற்றிக் கால்தடம் போட்டுவிட்டுப் போயினவே தவிர உள்ளே வரவில்லை. சர்தார் சொன்னது சொன்னபடிதான். கூடு பதினேழு பதினைந்தாயிற்று.

ஏழாம் நாள் மனுவை மறுபடி எடுத்தான். குஞ்சைத் தின்றுவிட்டுப் பூனைமேல் பழி போட்டு நோட்டைப் பொய்யாக எழுதினான் என்றுதானே பலகையில் உட்கார வைத்தார்கள்? பத்தொன்பதை அடித்துப் பதினைந்து என்று எழுதினான். அதற்குக் கீழே, எழுதலாமா வேண்டாமா என்று பேனாவைப் பிடித்தபடி இருந்தான். எழுதினால் கிருஷ்ணப்பன் இதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார். வாட்சரே பூனையைத் திறந்துவிட்டான் என்று அதே அறையில் சிரிப்பார். பலகை யாருக்குப் போகும் என்று சொல்ல முடியாது. எழுதாவிட்டால் பெரிய ஆபீசர் காதையெல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டு, பூனை தீர்ந்தது என்று பைலை மூடிவிடுவார். பதினைந்தும் போகும்.

எழுதினான்.

'குறியில்லாத பூனைகள் இரண்டு இன்னும் ஏரிக்குள் உள்ளன. பொறியில் சிக்கிய அவற்றைத் திறந்துவிட்டது நான்தான். குறி இல்லாததால் விட்டேன். அது என் தவறு. இனி அவை பொறிக்கு வரமாட்டா. கூடுகள் காலியாவதற்குள் துறையிலிருந்து ஆள் அனுப்பி அவற்றைப் பிடிக்க ஆவன செய்ய வேண்டும். விசாரணையை அதற்குப் பிறகு வைத்துக்கொண்டாலும் சரி.'

நாற்காலி, பலகை பற்றிய வரியை மட்டும் அடிக்கவில்லை. அதை அடிக்க மனசு வரவில்லை.

பாப்பாரப்பட்டித் தபாலாபீசில் கண்ணாடி போட்ட கிளார்க், மனுவையும் காது டப்பாவையும் வைத்துத் துணியில் தைத்த பொட்டலத்தை மூக்கருகே கொண்டுபோனார். "உள்ள என்னங்க, கருவாடா?"

"உப்புல போட்டதுங்க. கெடாதுங்க."

"மனுவோட கருவாடு வச்சு அனுப்பறது உங்க ஊர்லதான் பாக்கறேன்" என்றபடி அவர் மெழுகுவத்தியைப் பற்றவைத்தார். தையல்மேல் அரக்கு உருகிச் சொட்டியது. கடுக்கன் கல் மாதிரியே சிவப்பு. ராஜப்பன் அது இறுகும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். கிளார்க் பித்தளை முத்திரையை அழுத்தி எடுத்து, ரசீதைக் கிழித்து நீட்டிவிட்டு, தருமபுரி பஸ்ஸுக்குப் போகும் தபால் பையில் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டார்.