மடக்கு டிரெய்லரில் மூன்று ராத்திரி

வெர்லின் கோன் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு பழைய மடக்கு டிரெய்லரை வாங்கி, ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்து வந்து வீட்டு வாசலில் நிறுத்தினான். கைப்பிடியைச் சுற்றினால் கூரை எழும்பும், இரண்டு பக்கமும் இழுத்தால் படுக்கை வெளியே வரும், சுவரெல்லாம் கித்தான். ட்வைலா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெளியே வரவில்லை.

"அதுக்குள்ள நான் படுக்கணுமா? கான்சாஸ் வெயில்ல, துணிக் கூண்டுல?" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள்.

அவள் கேட்டதில் தப்பே கிடையாது. ஐம்பத்து மூன்று வயது, மாதவிலக்கு நிற்கிற காலம். எந்த நேரத்தில் உடம்புக்குள் அடுப்புப் பற்றிக்கொள்ளும் என்று அவளுக்கே தெரியாது. ஜனவரி பனியில்கூட ஜன்னலைத் திறந்து போட்டுத் தூங்குகிறவள் அவள். பக்கத்தில் வெர்லின் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு படுத்திருப்பான்.

வெர்லின் இருபத்தேழு வருடம் தொலைதூர லாரி ஓட்டியவன். மலை, பாலைவனம், இரண்டு சமுத்திரம், எல்லாம் பார்த்துவிட்டான், ஆனால் ஒண்டியாக. பார்த்ததையெல்லாம் ராத்திரி ஃபோனில் சொல்வான். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே உம் கொட்டுவாள். இந்த வசந்தத்தில் ஓய்வு பெற்றதிலிருந்து அவனுக்கு ஒரே ஆசை: அதே சாலைகளில் பக்கத்து இருக்கையில் அவளை உட்காரவைத்து ஓட்ட வேண்டும். அதை அவன் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். இந்தப் பக்கத்து ஆண்களுக்கு ஆசையைச் சொல்ல வராது, சாமான் வாங்கத்தான் வரும்.

ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் ட்வைலா தீர்ப்புச் சொன்னாள். ஜூலையில், வண்டியை நிறுத்தித் தங்குகிற ஏரிக்கரை முகாமுக்குப் போவது. மூன்று ராத்திரி. மூன்றும் அவள் நிம்மதியாகத் தூங்கினால் டிரெய்லர் வீட்டில் இருக்கலாம். ஒரு ராத்திரி புழுங்கினாலும் அதை விற்றுவிட வேண்டும், அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.

வெர்லின் உடனே ஒத்துக்கொண்டான். அவன் ஏற்கெனவே இடம் பார்த்து வைத்திருந்தான். மே மாதம் ஒருநாள் காலை ஒன்பது மணிக்கே போய், முகாமின் வட்டப் பாதையை இரண்டு தரம் நடந்து, பதினாலாம் எண் இடத்தைப் பிடித்திருந்தான். பதினாலுக்கும் பதினைந்துக்கும் நடுவில் ஒரு பெரிய காட்டன்வுட் மரம். அதன் நிழல் முழுசும் பதினாலின் மேல் விழுந்து குளுகுளுவென்று இருந்தது. அங்கிருந்து ஏரியும் தெரிந்தது. முன்பதிவு செய்துவிட்டு வழியெல்லாம் விசிலடித்துக்கொண்டு வந்தான். மத்தியானத்துக்கு மேல் சூரியன் மேற்கே போகும், நிழல் கிழக்கே சாயும் என்பது, இத்தனை மாநிலம் சுற்றிய மனிதனுக்கு அன்றைக்கு உறைக்கவே இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தார்கள். வெயில் நூற்று மூன்று டிகிரி. முகாமில் ஒரு வண்டி ரிவர்ஸில் வந்து நிற்கிறது என்றால் சுற்றிலும் இருப்பவர்கள் மடக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டு வேடிக்கை பார்ப்பது வழக்கம். காசில்லாத கச்சேரி. பதினெட்டுச் சக்கர லாரியைச் சந்துக்குள் விடுகிற வெர்லினுக்கு இந்தக் குட்டி டிரெய்லர் பிடி கொடுக்கவில்லை. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடித்தாலே குறுக்கே திரும்பிக்கொண்டது. ஆறாவது தடவையில்தான் உள்ளே போனது. யாரோ கை தட்டினார்கள்.

"இவ்வளவு நாளா என்னத்தய்யா ஓட்டின?" என்றாள் ட்வைலா.

வெர்லின் இறங்கி நிமிர்ந்து பார்த்தான். மரம் இருந்தது, நிழல் இல்லை. அது பதினைந்தாம் எண்ணில் நின்ற ஒரு பிரமாண்டமான வண்டி மேல் சொகுசாகப் படுத்திருந்தது. பஸ் நீளத்துக்கு ஒரு வீடு அது, கூரையில் இரண்டு ஏசி, ஒரு டிவி டிஷ். அதன் முன்பந்தலுக்குக் கீழே நெப்ராஸ்காவிலிருந்து வந்திருந்த டெல்மார் என்ற ஆள் கையைத் தூக்கி வணக்கம் வைத்தான்.

"நல்ல வெயில்," என்றான் டெல்மார்.

"ஆமாமா, நல்ல வெயில்," என்றான் வெர்லின். முகாமில் சுத்தியல் கேட்கலாம், முட்டை கேட்கலாம், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றித் தரச் சொல்லலாம். இடத்தை மட்டும் கேட்கக் கூடாது. அடுத்தவன் சாப்பிடுகிற தட்டை நம் பக்கம் இழுத்துக்கொள்வதற்குச் சமம் அது.

ஆகவே வெர்லின் இடுப்பில் துண்டைக் கட்டாத குறையாக வேலையில் இறங்கினான். படுக்கைகளின் கித்தான் மேல் வெள்ளி நிறத் தகட்டுப் போர்வைகளைப் போர்த்தி, துணி கிளிப் போட்டு இழுத்துக் கட்டினான். மேற்குப் பக்கம் ஒரு தார்ப்பாயைச் சாய்வாகத் தொங்கவிட்டான். அடுப்பை உள்ளே பற்றவைக்கவே கூடாது என்று மேசையோடு வெளியே தூக்கிப் போட்டான். கூரையில் இருந்த சின்ன ஏசியை ஓடவிட்டு, ஆளுக்கொரு மின்விசிறி, விசிறிக்கு முன்னால் உறைந்த தண்ணீர் பாட்டில்கள். காற்று அதன் மேல் பட்டு ஜில்லென்று வரும்.

"ஃபாயில்ல சுத்தி அடுப்புல போடற உருளைக்கிழங்கு மாதிரியே இருக்கு," என்றாள் ட்வைலா. "வெந்துட்டேனான்னு அப்பப்ப குத்திப் பாத்துக்கோ."

ஆனால் முதல் ராத்திரி அவள் தூங்கினாள். காலையில் எழுந்து அவளுக்கே ஆச்சரியம். இரண்டாவது ராத்திரியும் அடித்துப் போட்டது போலத் தூங்கினாள். வெள்ளிக்கிழமை நூற்று நாலு டிகிரி, சனிக்கிழமை காலை பத்து மணிக்கே தொண்ணூற்றாறு. "பரவாயில்லையே உன் கூண்டு," என்று அவள் சொன்னபோது வெர்லினுக்கு வாயெல்லாம் பல். கண் மட்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. ஏரிக் காற்றில் தூசி என்றான்.

சனிக்கிழமை மத்தியானம் ட்வைலா பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் போனாள். அங்கே டெல்மாரின் மனைவி கார்லா, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரு பெரிய கிரான்பெரி ஜூஸ் பாட்டிலை அவள் கையில் திணித்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. இது உங்க வீட்டுக்காரருக்கு," என்றாள் தாழ்ந்த குரலில்.

"அவருக்கா? எதுக்கு?"

"எங்க வீட்டுக்காரருக்கும் போன வருஷம் அதே தொந்தரவுதான். ராத்திரி பூரா ஓட்டம். நாங்களும் ரெண்டு நாளா பாக்கறோமே. மணிக்கொரு தரம் பாத்ரூம் பக்கம் போயிட்டு வர்றார் பாவம். டாக்டர்கிட்ட காட்டினா ஒரே மாத்திரைல சரியாயிடும். வெக்கப்படக் கூடாது."

"அவருக்கு அப்படி ஒண்ணும் இல்லையே," என்றாள் ட்வைலா.

"எல்லா ஆம்பளைங்களும் அப்படித்தாங்க சொல்வாங்க," என்றாள் கார்லா. தலையை ஆட்டினாள், தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

பாத்ரூம் கட்டடத்துக்குப் பக்கத்தில்தான் ஐஸ் மெஷின் இருந்தது. ட்வைலா திரும்பி வரும் வழியில் அதைப் பார்த்தாள். நின்றாள். முந்தின நாள் டிரெய்லருக்கு அடியில் ஏழெட்டுக் காலி ஐஸ் பைகள் கிடந்தது ஞாபகம் வந்தது.

வந்து பார்த்தால், வெர்லின் அடுப்பு முன்னால் கரண்டியைப் பிடித்தபடி நின்றவாக்கிலேயே தூங்கிக்கொண்டிருந்தான். பன்றி இறைச்சி கருகிக் கரியாகிப் புகைந்துகொண்டிருந்தது.

"யோவ்!"

தூக்கிவாரிப் போட்டு முழித்தான். "என்ன, என்ன? புழுங்குதா?"

"ராத்திரி எத்தனை தரம் எந்திரிச்ச?"

"யாரு? நானா?"

"இல்ல, ஏரில இருக்கற மீனு. உனக்கு மூத்திரத் தொந்தரவுன்னு பக்கத்து வண்டிக்காரம்மா மருந்து குடுத்து விடுது. ஊரே உன்ன நெனச்சுப் பரிதாபப்படுது. சொல்லு, எத்தனை தரம்?"

கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்கு வேறு வழி இல்லை. "பாட்டில் ஐஸு ஒரு மணி நேரத்துல கரைஞ்சுடுது," என்றான் வெர்லின். "இந்த ஏசி சாயங்காலம் வரைக்கும் வெயில் வாங்கின கித்தானை ஆத்தறதுக்குள்ளயே விடிஞ்சுடுது. அதான் மெஷின்லேருந்து ஐஸ் வாங்கி வந்து மாத்தி மாத்தி வெச்சேன். நடுவுல உன் போர்வையை நனைச்சுப் பிழிஞ்சு போட்டேன். நீ முழிச்சுக்கல."

"நீ எப்பத் தூங்கின?"

"லாரி ஓட்டினவனுக்கு இதெல்லாம் சகஜம்."

ட்வைலாவுக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் வேறொன்றும் எட்டிப் பார்த்தது, ஆகையால் கோபத்தையே பிடித்துக்கொண்டாள். "அப்ப ஜெயிச்சது டிரெய்லர் இல்ல. ரெண்டு ராத்திரி நீ விசிறி போட்டிருக்க. இருபத்தேழு வருஷம் நான் வீட்ல ஒண்டியாப் படுத்தேன், நீ லாரில ஒண்டியாப் படுத்த. இங்கயும் வந்து நான் ஒண்டியாத் தூங்கறதுக்கா இதை வாங்கின?"

வெர்லின் கரண்டியைக் கீழே வைத்தான். முகத்தில் ஈயாடவில்லை. "சரி," என்றான். "ஏமாத்தினது ஏமாத்தினதுதான். வித்துடலாம். நிழல் மட்டும் நம்ம பக்கம் இருந்திருந்தா இவ்வளவு பாடு கெடையாது. மே மாசம் பாக்கறப்ப இங்கதான் இருந்துது."

"எத்தனை மணிக்குப் பாத்த?"

"காலைல ஒம்போது."

ட்வைலா மரத்தைப் பார்த்தாள், சூரியனைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. "காம்பஸ் வெச்சுக்கிட்டு ஊர் சுத்தின மகாராசா! அந்த ரெண்டு ஏசி போட்ட வண்டிக்கு எதுக்கு நிழல்? போய் எடத்தை மாத்திக்கலாமான்னு கேட்டா என்ன?"

"கேக்கறதா?" வெர்லின் நடுங்கிவிட்டான். "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க ட்வைலா. அவன் என்னைப் பத்தி என்ன நினைப்பான்?"

"ஏற்கெனவே என்ன நெனைக்கறான்னு இந்த ஜூஸ் பாட்டிலைப் பாத்தாலே தெரியுது," என்று சொல்லிவிட்டு அவள் விறுவிறுவென்று பதினைந்தாம் எண்ணுக்கு நடந்தாள். வெர்லின் டிரெய்லருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

டெல்மார் முன்பந்தலுக்குக் கீழே சின்ன ரேடியோவைக் காதில் ஒட்டி வைத்துக்கொண்டு, கொரகொரவென்ற சத்தத்துக்கு நடுவே பேஸ்பால் செய்தியைத் தேடிக்கொண்டிருந்தான்.

"ஒரு விஷயம் கேக்கலாமா?" என்றாள் ட்வைலா. "பிடிக்கலன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க. எங்களுக்கு நிழல் வேணும். எடம் மாத்திக்கலாமா?"

டெல்மார் ரேடியோவை இறக்கினான். "என்னது?"

"நீங்க பதினாலுக்கு வாங்க. நாங்க இங்க வர்றோம்."

"அந்த வெட்டவெளிக்கா?" டெல்மார் எழுந்தே நின்றுவிட்டான். "மரம் இல்லாத எடத்துக்கா? கார்லா! ஏ கார்லா! இங்க வா, இந்தம்மா என்ன சொல்றாங்கன்னு கேளு!"

விஷயம் இதுதான். கூரை மேல் இருக்கும் டிஷ்ஷுக்கு வானம் தெரிய வேண்டும். மூன்று நாளாக அந்தக் காட்டன்வுட் கிளைகள் வானத்தை மறைத்துக்கொண்டு நின்றன. ஏரிக்கரையில் ஃபோன் சிக்னலும் கிடையாது. ஊரே பேசிக்கொள்கிற பேஸ்பால் தொடர் நடக்கிறது, இன்றைக்குச் சாயங்காலம் கடைசி ஆட்டம், டெல்மாருக்கு டிவி திரையில் வெறும் புள்ளி. மூன்று நாளாக அவன் பதினாலாம் எண்ணைப் பார்த்துப் பார்த்து ஏங்கியிருக்கிறான்.

"கேட்டிருக்கலாமே," என்றாள் ட்வைலா.

"எப்படீங்க கேக்கறது? அவர் என்னைப் பத்தி என்ன நினைப்பார்?"

கார்லா தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பில், டிரெய்லருக்குப் பின்னாலிருந்து வெர்லின் தலையை நீட்டினான்.

அப்புறம் அரை மணி நேரம் அந்த வட்டப் பாதை திருவிழாவாக இருந்தது. வெர்லின் வெள்ளிப் போர்வையெல்லாம் கழற்றி, படுக்கைகளை உள்ளே தள்ளி, கூரையை இறக்கினான். டெல்மார் தன் அரண்மனையை ஒரே வீச்சில் பின்னால் கொண்டுவந்து பதினாலில் நிறுத்தினான். மடக்கு டிரெய்லரை ஜீப்பில் மாட்ட வெர்லின் போனபோது, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தவர்களே எழுந்து வந்துவிட்டார்கள்.

"வேணாம்பா, மறுபடி ஆறு தரம் எங்களால பாக்க முடியாது," என்றார் தாடி வைத்த ஒருவர். எட்டுப் பேர் சேர்ந்து கையாலேயே தள்ளிக்கொண்டு போய் மர நிழலில் விட்டார்கள். ட்வைலா எல்லோருக்கும் தர்ப்பூசணி வெட்டிக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் பதினாலிலிருந்து டெல்மார் போட்ட கூச்சலைக் கேட்டதும், படம் தெரிந்துவிட்டது என்று புரிந்தது.

மரத்தடியில் கித்தான் ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டதும் ஏரிக் காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போனது. ஏசி சத்தம் காட்டாமல் ஓடியது. "அஞ்சு நிமிஷம் படு," என்று ட்வைலா சொன்னாள். வெர்லின் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. படுத்தான், அடுத்த நிமிஷம் குறட்டை.

அவள் வாசல் படியில் உட்கார்ந்தாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவனுடைய தூக்கத்தை அவள் அதிகம் பார்த்ததில்லை. "சரி, இங்கயே ஓரமா நிறுத்திப் படுக்கப் போறேன்," என்று ஃபோனில் சொல்வான். எந்த ஊர் ஓரம் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது வருத்தமாக இருந்தது. அவன் கன்னத்துக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு தூங்கினான். அவளுக்கு அவன் மேல் அப்படி ஒரு பிரியம் பொங்கியது.

ஆறு மணிக்கு முகாம் அலுவலகப் பெண் சின்ன வண்டியில் வந்து இறங்கினாள், கையில் அட்டையும் பேனாவும்.

"எடம் மாத்திக்கிட்டீங்களாமே, சொன்னாங்க. நாளைக்குக் காலைல காலி பண்றீங்கதானே மேடம்? இந்தப் பதினஞ்சு புதன்கிழமை வரைக்கும் சும்மாதான் இருக்கு, வேற யாருக்காவது எழுதிடவா?"

மூன்றாவது ராத்திரி இன்னும் வரவே இல்லை. புழுங்குமோ, புழுங்காதோ. ட்வைலா விரலை உதட்டில் வைத்தாள்.

"மெதுவாப் பேசும்மா, தூங்கறாரு. புதன் வரைக்கும் எங்களுக்கே எழுதிக்கோ."

"சரி மேடம். அதுக்கப்புறம் வீட்டுக்கா?"

"தெரியலயே," என்றாள் ட்வைலா. "எங்க போறதுன்னு அவர் எந்திரிச்சதும்தான் கேக்கணும். ஊரெல்லாம் அவருக்குத்தான் தெரியும்."