அண்ணனுக்கு மட்டும் நீளும் கூரை

அண்ணன் மேடையேற இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அவர் தங்கை சின்னவள் மேடைக்குப் பின்னாலிருந்த குட்டி அறையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, திரையில் இருந்த ஒரு வெற்றுக் கட்டத்தையே வெறித்துக்கொண்டிருந்தாள். ஆடுபவர் பெயர் என்ன என்று அது கேட்டுக்கொண்டிருந்தது. 'விருந்தினர்' என்று அடித்தால் ஒரு கதை, அண்ணனின் பெயரை அடித்தால் வேறு கதை. அந்த வித்தியாசம் என்னவென்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

'குடைக்காரன்' என்று ஒரு பழைய வீடியோ கேம். மடித்த குடையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு குட்டை மனிதன் இடமிருந்து வலமாகக் கூரை கூரையாகத் தாவி ஓடுவான். நடுவில் பள்ளங்கள். தாவத் தவறினால் தொப்பென்று விழுவான், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். இதற்காக ஒரு தலைமுறைப் பிள்ளைகள் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்திருந்தார்கள், முதுகில் அடியும் வாங்கினார்கள். அதில் ஒரு பிள்ளைதான் அண்ணன். வளர்ந்து ஆளானதும் அதே ஆட்டத்தைப் புதுப் படங்களும் புது இசையுமாக மறுபடி உருவாக்க அனுமதி வாங்கி, ஒரு சின்ன நிறுவனம் தொடங்கினார். தங்கையையும் கூடச் சேர்த்துக்கொண்டார்.

குடைக்காரனின் தாவல் அவள் பொறுப்பு. பொத்தானை அழுத்தினால் எவ்வளவு உயரம் எழும்புவான், எவ்வளவு நேரம் காற்றில் இருப்பான், எங்கே போய் இறங்குவான் என்பதையெல்லாம் கணினி நிரலாக எழுதுகிறவள் அவள். படம் வரைகிறவரை எல்லோரும் பாராட்டுவார்கள், இசை போடுகிறவரையும் பாராட்டுவார்கள். தாவல் ஒழுங்காக இருந்தால் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. சரியில்லை என்றால் மட்டும் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள்.

அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. முந்தின நாள் எல்லோரும் செய்த வேலையைச் சேர்த்துக் கட்டிய ஆட்டத்துக்கு பில்டு என்று பெயர். காலையில் அந்த பில்டை அண்ணன் பெரிய திரையில் ஆடுவார். மற்றவர்கள் தேநீர்க் கோப்பையோடு சுற்றி நின்று பார்ப்பார்கள். அவர் தாண்டிவிட்டால் பில்டு தேறியது. விழுந்துவிட்டால் ஆட்டத்தில் கோளாறு, கண்டுபிடிக்கும்வரை ஒருவரும் இடத்தை விட்டு அசையக்கூடாது. அண்ணன் விழுவதற்கு அண்ணனே காரணமாக இருக்கலாம் என்று அங்கே யாருக்கும் தோன்றியதில்லை. சரக்கை எடை போடுகிறவர்கள் தராசை எங்கே எடை போடுகிறார்கள்?

போன மழைக்காலத்துக்குச் சற்று முன்னால், ஒரு காலை அவர் முதல் பள்ளத்திலேயே விழுந்தார். மறுபடி ஆடினார், மறுபடியும் விழுந்தார்.

"என்னடி பண்ணி வெச்சிருக்க? கால்ல கல்லைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கான்!" என்றார் தங்கையைப் பார்த்து.

அதற்கப்புறம் எல்லோரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். 'டமாரம்' என்று பட்டப்பெயர் வாங்கியிருந்த இசைக்காரர், தன் சத்தம்தான் பிந்தி வருகிறதோ என்று பயந்து, நன்றாக இருந்த வேலையையும் கலைத்துப் போட்டார். சின்னவள் மட்டும் அண்ணன் ஆடியதன் பதிவை எடுத்து மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தாள். ஆட்டத்தில் எந்தக் கோளாறும் இல்லை. குடைக்காரனின் கால் கூரையைத் தாண்டிய பிறகுதான் அண்ணனின் கட்டைவிரல் பொத்தானை அழுத்தியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்.

'அண்ணா, ஆட்டம் சரியாத்தான் இருக்கு, உன் விரல்தான் பிந்துது' என்று போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், எங்கேயாவது ஓர் எண்ணை மாற்றிவிட்டுக் கம்மென்று இருந்துவிடுவார்கள். அவளும் அதையே செய்தாள். அண்ணனின் பெயரில் ஆடும்போது மட்டும், கூரை தன் விளிம்பைத் தாண்டிக் கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் நீளும்படி எழுதி வைத்தாள். மறுநாள் காலை அண்ணன் ஒரே மூச்சில் எல்லாப் பள்ளங்களையும் தாண்டினார். "கண்டுபிடிச்சிட்டா பாரு என் தங்கச்சி!" என்று எல்லோர் முன்னாலும் அவள் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தார். அவளுக்கு உச்சி குளிர்ந்து போயிற்று.

கொஞ்ச நாளில் அவர் மறுபடி விழ ஆரம்பித்தார். அவள் கூரையை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். அப்புறம் இன்னும் கொஞ்சம். தூக்கம் போதவில்லை, கண்ணாடி மாற்ற வேண்டும், வயதும் ஆகிறதே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நீட்டி நீட்டி, இப்போது அண்ணன் ஆடும்போது குடைக்காரன் பள்ளத்தின் கால்வாசியை வெறும் காற்றிலேயே ஓடிக் கடக்கிறான். அது வெளியே தெரியக் கூடாதென்று காலடியில் புழுதி பறக்கும்படி வரையச் சொல்லியிருந்தாள். புழுதி பிரமாதம் என்று அண்ணனே பாராட்டினார்.

இன்றைக்குத்தான் ஆட்டத்தை முதன்முதலாக வெளியாருக்குக் காட்டுகிறார்கள். பழைய குடைக்காரனை ஆடி வளர்ந்தவர்களால் அரங்கம் நிரம்பி வழிந்தது. சிலர் வெயிலில் குடையை மடித்துப் பிடித்துக்கொண்டே வந்திருந்தார்கள். முதல் கட்டம் முழுவதையும் அண்ணன் மேடையில் நின்று ஆடிக் காட்டப் போகிறார். பெயரை அடித்துக் கொடுத்துவிடுவது, இன்றைக்கு எப்படியாவது ஒப்பேற்றிவிடுவது, ஆட்டம் விற்பனைக்குப் போகும் முன் அந்த வரிகளைச் சத்தமில்லாமல் அழித்துவிடுவது என்றுதான் சின்னவள் திட்டம் போட்டிருந்தாள். முதல் எழுத்தை அடிக்கப் போனபோது கதவு திறந்தது.

அண்ணி வந்தார். கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சின்னவளே, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். உங்க அண்ணன்கிட்ட மூச்சு விடாதே."

"சொல்லுங்க அண்ணி."

"கொஞ்ச நாளா அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடறதே நான்தான். அவசரம்னு ஏதாவது சாக்கு சொல்வாரு. கையெழுத்து எறும்பு ஊர்ற மாதிரி சின்னதா ஆயிடுச்சு. நேத்து கோப்பை கையை விட்டு நழுவி விழுந்துடுச்சு. டாக்டரைப் பாக்கலாம் வாங்கன்னா, என்ன சொல்றாரு தெரியுமா?"

சின்னவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"'தினமும் காலையில அத்தனை பேர் முன்னாடி குடைக்காரனை ஆடறேன். ஒரு தடவை விழுந்திருப்பேனா? கை சரியில்லாதவன் ஆடற ஆட்டமா அது?'ன்னு என் வாயை அடைச்சிடறாரு. எனக்கு அந்த ஆட்டத்தைப் பத்தி என்ன தெரியும்? நீதானே செஞ்ச. சொல்லு, நிஜமாவே அது அவ்வளவு கஷ்டமா?"

"கஷ்டம்தான் அண்ணி."

"அப்ப அவர் கை நல்லாத்தான் இருக்குன்னு அர்த்தமா? நான்தான் வீணா பயப்படறேனா?"

அண்ணியின் முகத்தில் இருந்த ஆசையைப் பார்க்க முடியவில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நிம்மதியாக எழுந்து போய்விடுவார். சின்னவள் அதை மென்று விழுங்கினாள்.

"நீங்க போய் முன்வரிசையில உக்காருங்க அண்ணி. நான் அண்ணன்கிட்ட பேசறேன்."

கதவு சாத்தியதும் அவள் திரையிலிருந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்தாள். அண்ணனின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். காப்பாற்றியது மானத்தையா? அவருக்கு ஒன்றுமில்லை என்று தினமும் காலையில் ஒரு பொய்ச் சான்றிதழ் எழுதிக் கையில் கொடுத்திருக்கிறாள். அவர் அதை எடுத்துக்கொண்டு போய் வீட்டில் அண்ணியின் வாயை அடைத்திருக்கிறார். அழுகை வந்தது. அதைவிட அதிகமாகத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

அண்ணன் சீட்டியடித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"எல்லாம் ரெடியா? முகம் ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"அண்ணா, மேடைக்குப் போறதுக்கு முன்னாடி இங்க ஒரு தடவை ஆடிப் பாத்துடு."

"காலையிலதானே ஆடினேன்?"

"பரவாயில்ல, எனக்காக ஆடு."

'விருந்தினர்' என்று அடித்துவிட்டு, பொத்தான்கள் உள்ள கன்ட்ரோலரை நீட்டினாள்.

குடைக்காரன் ஓடினான், முதல் பள்ளத்தில் தொப்பென்று விழுந்தான். அண்ணன் சிரித்தார். மறுபடி விழுந்தான். சிரிப்பு நின்றது. மூன்றாம் தடவையும் விழுந்தபோது அண்ணன் கன்ட்ரோலரை மேசைமேல் போட்டார்.

"சனியன், பொத்தான் வேலை செய்யல. வேற குடு."

வேறொன்றைக் கொடுத்தாள். அதிலும் விழுந்தார்.

"பில்டே போச்சு! இத்தனை பேரைக் கூட்டி வெச்சுட்டு இப்படியா? டமாரத்தைக் கூப்பிடு. இரு இரு, முதல்ல நீ ஆடு. உனக்கும் விழுதான்னு பாக்கலாம்."

கன்ட்ரோலர் அவள் கைக்கு வந்தது. அவளும் விழுந்துவிட்டால் போதும், பழி ஆட்டத்தின்மேல் போய்விடும். ஏதோ கோளாறு என்று சொல்லி நிகழ்ச்சியைத் தள்ளி வைக்கலாம், அண்ணனும் தலை நிமிர்ந்து வெளியே போகலாம். இயல்பாக விழுவது எப்படி என்று அவளைவிடத் தெரிந்தவர் யார்? விரலைக் கண்ணிமைக்கும் நேரம் தாமதித்தால் போதும். குடைக்காரன் விளிம்பை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு சரியான நேரத்தில் அழுத்தினாள்.

தாண்டினான். அடுத்த கூரைக்கும் தாண்டினான், அதற்கடுத்ததற்கும்.

"இன்னொரு தடவை ஆடு," என்றார் அண்ணன். குரல் இறங்கியிருந்தது.

ஆடினாள். இந்தத் தடவை அவர் திரையைப் பார்க்கவில்லை. அவளுடைய கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் வலது கையை மேசைமேல் விரித்து வைத்து அதைப் பார்த்தார். கட்டைவிரல் தன்பாட்டுக்கு லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"அப்ப காலையில எப்படித் தாண்டினேன்?"

"உன் பேர்ல ஆடினா கூரை நீளும். நான்தான் அப்படி எழுதி வெச்சேன்."

"எப்பேருந்து?"

"நீ முதல் தடவை விழுந்தியே, அப்பலேருந்து."

"யாரைக் கேட்டுடி செஞ்ச?" அண்ணன் எழுந்துவிட்டார். "நான் என்ன கைக்குழந்தையா, விழுந்தா அடிபட்டுடுமா? அத்தனை பேரும் எனக்குத் தெரியாம சிரிச்சிட்டு இருந்தீங்களா?"

"வேற யாருக்கும் தெரியாது, அண்ணா. எல்லார் முன்னாடியும் நீ விழறதைப் பாக்க எனக்கு மனசு வரல. நான் செஞ்சது தப்புதான்."

"உங்க அண்ணிகிட்ட நான் என்னென்ன பேசியிருக்கேன் தெரியுமா?"

"தெரியும். இப்பதான் சொல்லிட்டுப் போனாங்க."

அண்ணன் உட்கார்ந்தார். "எவ்வளவு நீட்டின?" என்று கேட்டார்.

அவள் மேசை விளிம்பிலிருந்து ஒரு விரல்கடை தள்ளித் தொட்டுக் காட்டினாள். "முதல்ல இவ்வளவு."

"இப்ப?"

கையை நகர்த்தி ஒரு சாண் தள்ளி வைத்தாள். அண்ணன் அந்த இரண்டு இடங்களையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"இத்தனை மாசத்துல இவ்வளவா," என்றார். பயந்துபோன குரல். அவர் பயந்து அவள் பார்த்ததே இல்லை.

கதவைத் தட்டினார்கள். "சார், கூப்பிடறாங்க!"

"நான் ஆடறேன், அண்ணா. நீ பக்கத்துல நின்னு பேசினா போதும்," என்றாள் அவசரமாக. "இல்லேன்னா உன் பேரையே அடிச்சிடறேன். இன்னிக்கு ஒரு நாள் போகட்டும்."

அண்ணன் மறுத்துத் தலையை ஆட்டினார்.

"வேணாம். விருந்தினர்னே இருக்கட்டும், நானே ஆடறேன். இப்ப உங்க அண்ணிகிட்ட வாயால சொன்னேன்னு வெச்சுக்கோ, வீட்டுக்குப் போறதுக்குள்ள நானே ஒரு சாக்கு கண்டுபிடிச்சிடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? அவ கண்ணால பாத்துடட்டும்."

மேடையில் அண்ணன் கன்ட்ரோலரைக் கையில் எடுத்ததும் அரங்கம் ஆரவாரித்தது. சின்னவள் ஓரத்தில் திரைச்சீலையைப் பற்றிக்கொண்டு நின்றாள். குடைக்காரன் பெரிய திரையில் ஓடிவந்து முதல் பள்ளத்தில் விழுந்தான். கூட்டம் சிரித்தது. சின்ன வயதில் தாங்களும் அங்கேதான் விழுந்தோம் என்கிற சந்தோஷச் சிரிப்பு. இரண்டாவது தடவை விழுந்தபோது, "இப்ப அழுத்துங்க சார், இப்ப!" என்று பின்வரிசையிலிருந்து கத்தினார்கள். மூன்றாவது தடவை கைதட்டல் கூரையைப் பிளந்தது. பழைய கஷ்டம் கொஞ்சமும் குறையாமல் செய்திருக்கிறார்கள் என்று டமாரத்தின் காதில் யாரோ புகழ்ந்தார்கள்.

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. திரையையும் பார்க்கவில்லை. அண்ணனின் கையைப் பார்த்தார், பிறகு அவர் முகத்தைப் பார்த்தார், இருந்த இடத்தில் எழுந்து நின்றுவிட்டார்.

அண்ணன் கன்ட்ரோலரைத் தங்கையிடம் நீட்டினார். "இனிமே என் தங்கச்சி ஆடுவா," என்றார் கூட்டத்திடம். பிறகு ஒலிபெருக்கியைத் தள்ளி வைத்துவிட்டு மேடை விளிம்புக்குப் போய், முன்வரிசையைப் பார்த்துக் குனிந்தார்.

"நாளைக்கே டாக்டர்கிட்ட போலாம்," என்றார்.

அந்தக் கூச்சலிலும் அண்ணிக்குக் கேட்டுவிட்டது.