ஹெபருக்குக் கொடுக்காத மருந்து

ஆய்வுக்கூடத் தட்டில் கொரோனா பெருகுவதை சுல்மா நிறுத்திவிட்டாள், வைரஸைத் தொடாமலேயே. மனிதச் செல்லுக்குள் இருக்கும் ஒரு நொதியை அவளுடைய மருந்து முடக்கியது. அந்த நொதி செய்து தரும் மூலச்சரக்கு இல்லாமல் வைரஸால் தன்னை நகலெடுக்க முடியவில்லை. அடுத்து ஹாம்ஸ்டர் எலிகளில் சோதனை. மொந்தேவிதேயோ நகரத் தெருக்களில் ஆம்புலன்ஸ் ஓயாத காலம் அது. ஒரே குடுவையில் மாத்தே என்ற மூலிகைத் தேநீரைப் பகிர்ந்து குடித்தவர்கள் ஆளுக்கொரு குடுவை வைத்துக்கொண்டு தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வாரமே அவள் தம்பி, பஸ் டிரைவர் ஹெபர், மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தான். அவன் மனைவி மிர்த்தா ஆய்வுக்கூட வாசலுக்கே வந்துவிட்டாள்.

“அந்த மருந்துல கொஞ்சம் குடு சுல்மா.”

“அது முடக்கறது நம்ம நொதியை. நல்லா இருக்கற செல்லும் அதை வச்சுத்தான் பிழைக்குது. எவ்வளவு குடுத்தா ஆளையே கொல்லும்னு எனக்குத் தெரியாது மிர்த்தா.”

“குடுக்காட்டி மட்டும் பிழைச்சிருவானா?”

போனில் ஹெபர் ஆக்ஸிஜன் முகமூடிக்குள் சிரித்தான். “உன் எலிங்களுக்கு அப்புறம்தான் எனக்கா? சரி, வரிசையில நிக்கறேன்.”

சுல்மா குளிர்பெட்டியைத் திறந்து குப்பியைக் கையில் எடுத்தாள். விரல் மரத்துப்போகும்வரை வைத்திருந்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹெபர் இறந்துபோனான்.

எலிகளின் முடிவு பிறகுதான் வந்தது. மருந்து தின்ற எலிகளின் நுரையீரலிலும் வைரஸ் குறையவில்லை. தட்டில் கிடைக்காத அந்த மூலச்சரக்கை உடம்புக்குள் ரத்தமே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறது. சுல்மாவுக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. அப்படி இருந்ததை நினைத்து உடம்பு கூசியது.

மிர்த்தாவிடம் போனாள். அவள் ஹெபரின் சீருடைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“அந்த மருந்து வேலை செய்யல மிர்த்தா. குடுத்திருந்தாலும்...”

“மாட்டேன்னு சொன்ன அன்னிக்கு இது உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“காப்பாத்தும்னு நினைச்சியா?”

“காப்பாத்தலாம்னு நினைச்சேன்.”

“நினைச்சும் குடுக்கல.”

“ஆமா.”

மிர்த்தா அழவில்லை, திட்டவும் இல்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் சுல்மா, ரத்தம் கொண்டுவரும் அந்த வழியையும் சேர்த்து அடைக்கும் இன்னொரு மருந்தைத் தேடத் தொடங்கினாள். மிர்த்தா அதன்பின் அவளுடைய போனை எடுக்கவே இல்லை.