மினுக்கம் இறங்கிய கட்டை

சுவரில் அணில் மாதிரி ஓடுகிறது அந்த வெளிச்சம், மடியில் கிடக்கும் கட்டையை இந்தப் பக்கம் சாய்த்தால் பரணுக்கு ஏறுகிறது, அந்தப் பக்கம் சாய்த்தால் குதித்து இறங்கி அரிசி டின் மேல் உட்கார்ந்து என்னையே பார்க்கிறது, துப்பாக்கியின் பின்கட்டை இது, தோளில் முட்டுக்கொடுக்கிற கட்டை, இரும்பெல்லாம் தனியாகப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது, கட்டிலுக்கு அடிக்கிற வார்னிஷை இதற்கு அடித்து வைத்திருக்கிறான் இருளப்ப ஆசாரி, கண் ஆபரேஷனுக்கு நான் மதுரைக்குப் போயிருந்த நாலு நாளைக்குள், அந்த டாக்டரையே நான் நம்பவில்லை, கண்கட்டை அவிழ்த்ததும் உலகம் முழுக்கப் பளபளக்கிறதே, ஏதோ கண்ணாடிச் சில்லைச் சொருகி ஏமாற்றிவிட்டான் என்றுதான் நினைத்தேன், வீட்டுக்கு வந்தால் இதுவும் பளபளக்கிறது, கோளாறு கண்ணிலா மரத்திலா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் ஆசாரியைத் திட்ட ஆரம்பித்தேன், இன்னும் நிறுத்தவில்லை, பராய் இலையைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிறேன், மாட்டு நாக்கு மாதிரி சொரசொரக்கிற இலை, வார்னிஷ் வெளுத்துப் பாலாகக் கசிகிறது, தேய்க்கத் தேய்க்க இது எழுபத்தைந்து வயதுக் கையா இருபத்திரண்டு வயதுக் கையா என்று பிடிபடவில்லை, குப்பாண்டி மாமன் இதே துப்பாக்கியை என்னிடம் நீட்டுகிறார், எஸ்டேட் துரை சீமைக்குத் திரும்பும்போது முறையாக லைசென்ஸ் மாற்றி அவருக்குக் கொடுத்துப் போன ரைபிள், தொடச்சு வைடா மருமகனே என்கிறார், ஊரில் பாதிப் பேரை மருமகனே என்றுதான் கூப்பிடுவார், அதை நம்பி உலை வைக்க முடியாது, ஆனால் எனக்கு அவர் மகள் வெள்ளத்தாயி மேல் நினைப்பு.

துடைத்து வை என்றால் துடைத்து வைக்க வேண்டியதுதானே, நான் மலையிறங்கி வத்தலக்குண்டுக்குப் போய் அரக்கும் ஸ்பிரிட்டும் வாங்கி வந்து ஏழு பூச்சுப் பூசினேன், முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஆக்கிக்கொண்டு போய் நிற்கிறேன், படிக்காதவன் புத்தி, பளபளப்புதான் மரியாதை என்று நினைத்த புத்தி, மாமன் கட்டையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், ஏண்டா, பன்னிய வேட்டையாடப் போறமா, அதுக்குச் சடங்கு சுத்தப் போறமா, இதத் தூக்கிட்டு அவரக்காட்டுல எறங்குனா அடுத்த மலையில மேயுறதுகூட ஓடிப்போகும்டா, கூடி நின்ற ஆளெல்லாம் சிரிக்கிறார்கள், என் காதில் விழுந்தது கதவுக்குப் பின்னால் அவள் சிரித்ததுதான், மாமன் மட்டும் சிரிக்கவில்லை, ஞாயித்துக்கெழம விடியிறப்ப இந்த மினுக்கம் எறங்கியிருக்கணும், மரத்துல ஒரு கீறல் விழக்கூடாது, எறங்கலேன்னா பொண்ணு கேக்குற நெனப்போட இந்த வாசப்படி ஏறாத என்கிறார், நினைப்பை நான் யாரிடமும் சொன்னதில்லை, எப்படித் தெரிந்ததோ, யாரை நம்புவது.

சாம்பல் போட்டுத் தேய்த்தேன், தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன், அழுக்குத்தான் போனது, மினுக்கம் இன்னும் கூடிவிட்டது, உப்புத்தாளைத் தொடப் பயம், கீறிவிடும், சனிக்கிழமை மத்தியானம் ஓடைக்கரையில் இதை மடியில் போட்டுக்கொண்டு பிணத்துக்குக் காவல் இருக்கிறவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், வெள்ளத்தாயி வந்து முந்தானையிலிருந்து இலைகளை உதறுகிறாள், பராய் எல மாமா, நனச்சுத் தேயி, மரம் ஓடுற பக்கமே தேயி, குறுக்க இழுத்துறாத, அப்புறம் ஒரு சொட்டு இலுப்பெண்ண, நான் இலையைத் தொடவில்லை, அப்பனுக்குப் பிறந்தவள்தானே, கீறல் விழட்டும் என்று அவரே அனுப்பியிருந்தால், முதலில் என் மண்வெட்டிப் பிடியில் தேய்த்துப் பார்க்கிறேன், அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்க்கிறாள், என்னய நம்பாத ஆளு என்னயக் கட்டி என்ன பண்ணப்போற என்கிறாள், மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கட்டையில் கைவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, மாமன் எதிர்ச்சரிவில் நிற்கிறார், வெயில் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கிளம்பி நேரே என் மேல் விழுகிறது, நடடா என்று கத்துகிறார், அவரைக்கொடிப் பாத்தி ஓரமாக நடக்கிறேன், தோளில் துப்பாக்கி, வாய்க்குள் குலசாமி, இருபது எட்டு வைத்திருப்பேன், மின்னுதுடா என்கிறார், கட்டையைப் பார்க்கிறேன், காய்ந்த வரட்டி மாதிரி மங்கிக் கிடக்கிறது, துண்டை எடுத்துச் சுற்றுகிறேன், இன்னும் மின்னுதுடா, துப்பாக்கியை வரப்பில் படுக்கவைத்துவிட்டு வெறுங்கையோடு பத்து எட்டு நடக்கிறேன், இப்பவும் மின்னுது, ஒம்பின்னாடியே வருதுடா, திரும்பிப் பார்த்தால் கஞ்சித் தூக்குவாளியோடு அவள், மூக்கில் வெள்ளைக்கல் மூக்குத்தி, மாமன் சிரித்தார் பாருங்கள், மலை இடிகிற சிரிப்பு, கட்டையில இல்லடா, எம்மக மூக்குல, ரெண்டையும் பத்திரமாக் கொண்டுவந்து சேரு, அந்தச் சிரிப்பில் அன்றைக்கு ஒரு பன்றிகூடக் காட்டில் தங்கவில்லை.

யாரத் திட்டுற, பின்னாலிருந்து கிழவி வெள்ளத்தாயியின் குரல், இன்னும் நாலு இலை என் பக்கத்தில் விழுகிறது, ஆசாரியைத்தான், அவன் கையில கட்டை விளங்குமா, அவன என்னத்துக்குத் திட்டுற, நாந்தான் அடிக்கச் சொன்னேன், தேய்க்கிற கை நிற்கிறது, ஏண்டி என்கிறேன், புதுக்கண்ணோட வந்ததும் எம்மூஞ்சியவா பாக்கப்போற, இந்தக் கட்டையத்தான பாப்ப, நல்லாப் பளிச்சுன்னு தெரியட்டும்னுதான், பொய் சொல்கிறாள், நான் தேய்க்க உட்காருவேன் என்று நேற்றே பராய் இலை பறித்துத் தயாராக வைத்திருந்தவள் சொல்கிற பேச்சா இது, நான் நம்பவில்லை, ஆனாலும் சிரிப்பு வந்துவிடுகிறது, கடைசிச் சொட்டு இலுப்பெண்ணெயைத் தடவித் துடைத்துக் கட்டையை வெயிலுக்கு நேராகப் பிடிக்கிறேன், இப்படிச் சாய்க்கிறேன், அப்படிச் சாய்க்கிறேன், அணில் இல்லை, பரண் இருட்டாக இருக்கிறது, அரிசி டின் சும்மா இருக்கிறது, பிறகு அந்த டின்னுக்கு மேலே, கடுகளவு, ஒரு பொட்டு வெளிச்சம் நடுங்கி நடுங்கிச் சுவரில் ஏறுகிறது, போன வாரம்வரை இந்தக் கண்ணுக்கு இது தெரிந்திருக்காது, மின்னுதா மாமா என்று கேட்கிறாள், நான் திரும்பிப் பார்க்காமலே சொல்கிறேன், மின்னுதுடி, கட்டையில இல்ல.